யாரைக் கத்துக்குட்டி என்கிறீர்கள்?

அன்புள்ள அக்கா,

மெல்பர்னில் ஒரு பழைய பொருள் கடையில் சட்டம் போட்ட குழுப்படம் ஒன்று வாங்கினேன். ஆஸ்திரேலிய ஃபுட்பால் அணி, 1927. விசாரித்ததில் இவர்கள் பெரிய லீகில் ஆடியவர்கள் இல்லை, அமெச்சூர் சங்கத்தில் ஆடிய கத்துக்குட்டிகள்தான் என்று தெரிந்தது. ஒருவர்கூடப் பிரபலம் இல்லை. இவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வழி உண்டா? படத்தை வைத்துக்கொள்வதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா? வெள்ளைக்காரர் விளையாட்டு நமக்கு எதற்கு என்கிறாள் என் மனைவி.

ச., மெல்பர்ன்

அன்புள்ள ச.,

படத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மற்றதை அப்புறம் சொல்கிறேன். 'கத்துக்குட்டி' என்ற சொல்லைப் படித்ததும் சுருக்கென்றது, ஏனென்றால் ஒரு மாதமாக நான் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருப்பதே அந்தச் சொல்லைத்தான்.

அமெச்சூர் என்றால் தமிழில் அரைகுறை என்று ஆக்கி வைத்திருக்கிறோம். நாடகம் சொதப்பினால் அமெச்சூர்த்தனம், அணி தோற்றால் கத்துக்குட்டி அணி. கத்துக்குட்டி இன்னும் பழகிக்கொண்டிருக்கிறவன். அமெச்சூர் காசு வாங்காமல் ஆடுகிறவன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம், தம்பி? பணம் கைமாறாத இடத்தில் திறமை இருக்காது என்று எப்போது முடிவு செய்தோம்? படித்த நீங்களே இப்படி எழுதினால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு அணி இருந்தது. 1908 முதல் 1914 வரை பெரிய லீகிலேயே, அதாவது விக்டோரிய ஃபுட்பால் லீகிலேயே, ஆடியது. 1911-ல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று லீக் அனுமதித்தது. இவர்கள் வாங்க மாட்டோம் என்றார்கள். மற்ற கிளப்புகள் காசு கொடுத்து ஆள் சேர்க்க, இவர்கள் பரீட்சைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஓடி, கடைசி 51 ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றார்கள். பார்த்தீர்களா என்று நீங்கள் சொல்வதற்குள் இதையும் கேளுங்கள்: அதற்கு முன் அதே அணிகளிடம் 27 ஆட்டம் ஜெயித்தவர்கள் அவர்கள். 1912-ல் ஜெயித்த கை 1913-ல் ஆட்டத்தை மறந்துபோகுமா என்ன? அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. 50 லட்சம்கூட மக்கள்தொகை இல்லாத நாட்டில் 4 லட்சம் பேருக்கு மேல் படையில் சேர்ந்தார்கள், ஏறக்குறைய 60,000 பேர் திரும்பவில்லை. திரும்பிய மாணவர்களில் பலர் லீக் பக்கம் போகாமல் அமெச்சூர் சங்கத்தில் வந்து ஆடினார்கள். உங்கள் படத்தில் முப்பதைத் தொட்ட முகங்கள் இருந்தால் நிதானமாகப் பாருங்கள். அவர்களில் யாராவது அந்தப் போரைப் பார்த்தவராக இருக்கலாம்.

காசு வாங்கியவர்களை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். பழைய மாணவர் கிளப்புகளில் ஆடிய பலருக்கு வீட்டில் வசதி இருந்தது, காலிங்வுட், ரிச்மண்ட் மாதிரித் தொழிலாளர் பேட்டைகளில் இருந்தவர்களுக்கு அது இல்லை. 1930-ல் கூல்டர் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஆட்டத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று லீக் கட்டுப்படுத்தியது. 1932 வாக்கில் தொழிற்சங்க உறுப்பினர்களில் 10 பேருக்கு 3 பேர் வேலையில்லாமல் இருந்தார்கள், அந்த 3 பவுண்டில் ஒரு குடும்பம் சாப்பிட்டது. சௌத் மெல்பர்ன் கிளப்பின் தலைவர் மளிகைக் கடைகள் வைத்திருந்தவர். கடையில் வேலை தருகிறேன் என்று வெளிமாநில ஆட்டக்காரர்களை வரவழைத்தார், 1933-ல் கோப்பையும் ஜெயித்தார்கள். பசிக்கிறவன் வேலை இருக்கும் இடத்துக்குத்தான் போவான். நான் சொல்வது இவ்வளவுதான்: காசு வாங்காதவனை அரைகுறை என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

1996-ல் நான் பிரன்ஸ்விக்கில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 86 வயது. தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டும்போது அவருடைய வலது கைச் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் கேட்டுவிட்டேன். 1930-களில் அமெச்சூர் ஆட்டக்காரர். கணக்கெழுதும் வேலை, சனிக்கிழமையும் மதியம் வரை அலுவலகம். பூட்ஸைப் பையில் போட்டு மேசைக்கடியில் வைத்துவிட்டு, மணி அடித்ததும் டிராம் பிடித்து ஓடுவாராம். அந்தக் காலத்துப் பூட்ஸின் அடியில் தோல் துண்டுகளை அடுக்கி ஆணியடித்திருப்பார்கள், தேய்ந்தால் வெள்ளிக்கிழமை இரவு சமையலறைப் படியில் உட்கார்ந்து தானே அடித்துக்கொள்ள வேண்டும். பூட்ஸ் தன் காசு, சட்டை தன் காசு, கிளப்புக்குச் சந்தாவும் தன் காசு. மழையில் தோல் பந்து ஊறிக் கனத்துவிடும். இந்த ஆட்டத்தில் பந்தைக் கையாலும் பிடிப்பார்கள், அதை எகிறிப் பிடிக்கும்போதுதான் விரல் உடைந்தது. அணிக்கு 18 பேர், பெரிய லீகிலேயே 1930-ல்தான் 19-வது ஆளை அனுமதித்தார்கள் என்றால் மாற்று ஆள் என்பது அவர்களுக்கு எவ்வளவு புதிது என்று பாருங்கள். பக்கத்து விரலோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் கடைசியையும் ஆடி முடித்திருக்கிறார். திங்கட்கிழமை அதே கையால் பேரேடு எழுதியிருக்கிறார், மேலதிகாரி கண்ணில் படாமல் விரலை மடக்கப் பார்த்ததில் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது.

"பெரிய கிளப்பில் சேர வாய்ப்பு வரவில்லையா?" என்று கேட்டேன். அன்று நானும் உங்களைப் போலத்தான் கேட்டிருக்கிறேன். அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "அன்று பந்தைப் பிடித்தேனா என்று கேள்" என்றார். பிடித்தீர்களா என்றேன். "பிடித்தேன்" என்றார். அறுபது வருடம் கழித்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் காட்டினார். இதைத் தட்டச்சு செய்யும்போதும் அந்தக் கைகள் என் கண்முன் நிற்கின்றன.

உங்கள் மனைவி சொன்னதற்கு நான் வாதாடப் போவதில்லை. டக் நிக்கோல்ஸ் என்று ஒரு பெயர் சொல்கிறேன், தேடிப் படிக்கச் சொல்லுங்கள். கம்மராகஞ்சா என்ற குடியிருப்பில் பிறந்த பழங்குடி மனிதர். கார்ல்டன் கிளப்பில் நிறத்தைக் காட்டி ஒதுக்கினார்கள், அதற்கப்புறமும் விடாமல் ஆடி 1932 முதல் 1937 வரை ஃபிட்ஸ்ராய் கிளப்புக்கு ஆடினார், 1976-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரே ஆனார். படித்துவிட்டு அப்புறம் பேசலாம்.

நீங்கள் கேட்டது இவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளும் வழி. தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 'ஆர்கஸ்' பத்திரிகை அமெச்சூர் ஆட்டங்களின் முடிவுகளைப் போட்டிருக்கிறது, பல நேரம் நன்றாக ஆடியவர்கள் பெயரோடு. கிளப் பெயரையும் வருடத்தையும் போட்டு, குளிர்கால மாதங்களின் திங்கட்கிழமைப் பத்திரிகைகளில் தேடுங்கள். அதற்கு முன் சட்டத்தைக் கழற்றிப் படத்தின் பின்புறத்தைப் பாருங்கள், யாராவது பென்சிலில் பெயர் எழுதியிருக்கலாம். முன்வரிசையில் யார் மடியிலாவது பந்து இருக்கிறதா? இருந்தால் அந்தக் கைகளை மட்டும் பெரிதாக்கி எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், தம்பி.

அன்புடன்,
அக்கா