செப்டிக் டேங்குக்கு பாக்டீரியா பவுடர் போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு செப்டிக் டேங்கைத் திறந்து ஆறு வருடமாகிறது. மாதம் ஒரு பாக்கெட் ‘நல்ல பாக்டீரியா’ பவுடர் போட்டால் கழிவெல்லாம் கரைந்துவிடும், நோய்க்கிருமியும் செத்துவிடும், லாரி வைத்து எடுக்கவே வேண்டாம் என்கிறார்கள். கொல்லையில் கிணறு வேறு இருக்கிறது. போடலாமா?

பதில்: போட்டால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பி லாரியைத் தள்ளிப்போடாதீர்கள். கிணறு விஷயத்தில் அந்த பவுடரை நம்பவே வேண்டாம்.

பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் பேசில்லஸ் வகை பாக்டீரியாவின் வித்துகள். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது; ஈரமும் உணவும் கிடைத்ததும் விழித்துக்கொண்டு மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றை உடைக்கும் நொதிகளைச் சுரக்கும். ஆக, சரக்கு பொய்யில்லை. போடுகிற இடம்தான் பிரச்சினை. மலத்தில் கிராமுக்கு ஆயிரம் கோடிக்குக் குறையாமல் பாக்டீரியா இருக்கிறது, தினமும் அது தொட்டியில் வந்து விழுகிறது. அங்கே போய் ஒரு பாக்கெட்டைக் கொட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். அதுபோக, பேசில்லஸில் பல இனங்கள் காற்று இருந்தால்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். தொட்டிக்குள் ஆக்சிஜன் கிட்டத்தட்ட கிடையாது. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் காற்றில்லா பாக்டீரியாக்களுக்குத்தான் அந்தச் சூழல் பழக்கம்.

அவையும் எல்லாவற்றையும் தின்றுவிடுவதில்லை. மணல், நார், துணி, செத்த செல்களின் மிச்சம் எல்லாம் அடியில் சேறாகத் தங்கும். எந்த பாக்டீரியாவாலும் மணலைக் கரைக்க முடியாது. சேறும் மேலே பாலாடைபோல் மிதக்கும் அழுக்குப் படலமும் சேர்ந்து தொட்டியில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவிட்டால் எடுத்தாக வேண்டும். சாதாரணமாக 3 முதல் 5 வருடத்துக்குள் அந்த நிலை வந்துவிடும், நீங்கள் ஆறில் இருக்கிறீர்கள். சேற்றை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. நீளமான கம்பின் அடிப்பாகத்தில் வெள்ளைத் துண்டை இறுக்கிச் சுற்றி, அடி தட்டும் வரை மெதுவாக இறக்கி, சில நிமிடம் வைத்திருந்து எடுப்பார்கள். துண்டில் கறுப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அதுதான் சேற்றின் உயரம். இதை நீங்களே செய்து பார்க்க வேண்டாம், சுத்தம் செய்ய வருபவரிடம் கேளுங்கள். உள்ளே இருக்கும் வாயு ஆளையே சாய்த்துவிடும். யாராக இருந்தாலும் உள்ளே இறங்கவும் கூடாது, குனிந்து எட்டிப் பார்க்கவும் கூடாது.

பெரிய அளவிலும் இதே கதைதான்: வேலை செய்வது அங்கேயே இருக்கும் பாக்டீரியா, கொண்டுபோய்ப் போடுவது அல்ல. 1989இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்கா கரையோரம் எண்ணெயைக் கொட்டியபோது, பல இடங்களில் கைகொடுத்தது உரம். எண்ணெய் தின்னும் பாக்டீரியா அந்தக் கரையிலேயே இருந்தது. அதற்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் பற்றாக்குறை. தெளித்ததும் வேலை வேகமெடுத்தது. எண்ணெயை உடைக்கவென்றே விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்கரவர்த்தி உருவாக்கிய பாக்டீரியாவுக்கு 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காப்புரிமைக்கு வழிவிட்டது; ஆனாலும் கடலில் அது பெரிதாகப் பயன்படுத்தப்படவே இல்லை.

அப்படியானால் வாங்கும் பாக்டீரியாவால் எங்குமே பயனில்லையா? உண்டு. புது மீன் தொட்டி நல்ல உதாரணம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அங்கே தொடக்கத்தில் மிகக் குறைவு. குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியா வசதியான சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்குப் பல மணி நேரம் பிடிக்கும், சில சமயம் ஒரு நாளே ஆகும். அதனால் வெளியிலிருந்து கொஞ்சம் சேர்த்தால் பலன் தெரியும். பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் அது இன்னும் நல்லது.

சரி, கிருமிக்கு வருவோம். நல்ல பாக்டீரியா கிருமியை எதிர்க்கும் என்பது கட்டுக்கதை இல்லை. சில இனங்கள் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்ளும், சில நஞ்சு சுரக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தே மண் பாக்டீரியா கொடுத்ததுதான். எனக்குப் பிடித்தது டெல்லோவிப்ரியோ என்ற பாக்டீரியா: ஈ.கோலி, சால்மோனெல்லா போன்றவற்றின் உறைக்குள் துளைத்து நுழைந்து, உள்ளிருந்தே தின்று பெருகி, சில மணி நேரத்தில் வெடித்து வெளியே வரும். ஆனால் இரை குறைந்தால் அதுவும் குறையும், கடைசிக் கிருமி வரை தேடிப்போய் தீர்க்காது. நாக்குப்பூச்சி முட்டைகளோ கழிவில் மாதக்கணக்கில் தாங்கும். ஆகவே எந்த பவுடர் போட்டாலும் தொட்டியிலிருந்து கசியும் தண்ணீர் கிருமி உள்ளதுதான். கிணற்றுக்கும் தொட்டிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. மணற்பாங்கான மண்ணில் அதுவும் போதாமல் போகலாம். தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். அதுவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

பவுடர் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் இனத்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொட்டும்போது முகக்கவசம் போடுங்கள், நொதித் தூள் சிலருக்கு ஒவ்வாமை தரும். அப்புறம், கழிப்பறை கழுவ அளவாக ஊற்றும் பினாயில் தொட்டியைக் கெடுத்துவிடாது; பாட்டில் பாட்டிலாகக் கவிழ்த்தால்தான் உள்ளே இருப்பவை அடிவாங்கும். சமையல் எண்ணெய், நாப்கின், ஈரத்துடைப்பான் மூன்றையும் உள்ளே விடாதீர்கள். இந்த மாதமே லாரிக்குச் சொல்லிவிடுங்கள்.