வயலில் டீசல் ஊற்றுப்பட்டுவிட்டது, மாரிக்கு விதைக்கலாமா?

கேள்வி: வெல்லாவெளிப் பக்கம் எனது வயல். சிறுபோகம் வெட்டி முடிந்த கையோடு, உழவு மெசினுக்கு வைத்திருந்த 20 லீட்டர் டீசல் கேன் சரிந்து முழுவதும் ஊற்றுப்பட்டுவிட்டது. ஒரு அறை அளவு நிலம் இன்னும் மணக்கிறது. டீசலைத் தின்னும் நுண்ணுயிர் என்று போத்தலில் விற்கிறார்கள், வாங்கி ஊற்றட்டுமா? மாரிக்கு விதைக்கலாமா?

பதில்: போத்தலுக்குக் காசு கொடுக்க வேண்டாம் தம்பி. சூடோமோனாஸ், ரோடோகொக்கஸ் போன்ற பக்டீரியாக்கள் வயல் மண்ணில் ஏற்கனவே கொஞ்சமாவது இருக்கும், டீசல் கிடைத்ததும் அவையே பெருகும். டீசலில் பெரும்பகுதி காபன் சங்கிலி. அதன் நுனியில் ஒட்சிசனை ஏற்றி, கொழுப்பமிலமாக்கி, இரண்டிரண்டு காபனாக நறுக்கித் தின்றுவிட்டு, கடைசியில் காபனீரொட்சைட்டும் தண்ணீருமாக வெளிவிடும். அதனால் முதல் தேவை காற்று. தண்ணீர் கட்டி நின்றால் இந்த வேலை படுத்துவிடும். கழுவிவிடலாம் என்று பாய்ச்சவும் வேண்டாம், டீசல் வாய்க்காலோடு பக்கத்து வயலுக்குத்தான் போகும். மண்ணைக் கிழமைக்கு ஒருமுறை கொத்திப் புரட்டுங்கள், கையில் பிடித்தால் ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளியுங்கள்.

அடுத்தது நைதரசன். டீசலில் அது இல்லாத குறைதான், அதனால் பக்டீரியாக்கள் மண்ணில் இருப்பதை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். பொதுவாக 100 பங்கு காபனுக்கு 10 பங்கு நைதரசன், 1 பங்கு பொசுபரசு என்று கணக்கு வைப்பார்கள். 20 லீட்டரில் சுமார் 14 கிலோ காபன், அதற்கு 1.4 கிலோ நைதரசன் வேண்டும், யூரியாவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் நைதரசன் என்பதால் 3 கிலோ யூரியா போதும், அதுவும் உச்சம், ஏனென்றால் கொஞ்சம் டீசல் ஆவியாகப் போயிருக்கும். ஒரேயடியாகக் கொட்டினால் பக்டீரியாவே கருகும், அரைக் கிலோவாகக் கரைத்துக் கிழமைக்கு ஒருமுறை விடுங்கள், மணம் போனதும் நிறுத்துங்கள். மக்கிய மாட்டெருவும் கலக்கலாம், பொசுபரசு அதிலேயே வரும். வைக்கோல் மட்டும் வேண்டாம், அதுவும் காபன்தான், நைதரசனுக்குப் போட்டிக்கு வரும். 1989இல் அலாஸ்காவில் கப்பல் எண்ணெய் கரையொதுங்கியபோதும் கரைக்கு உரம்தான் போட்டார்கள்!

சரி, விதைப்பு. மணம் போனதை மட்டும் நம்பாமல் அந்த மண்ணை ஒரு டின்னிலும் நல்ல மண்ணை இன்னொன்றிலும் போட்டு நெல் முளைக்க வையுங்கள். இரண்டும் ஒரேமாதிரி வளர்ந்தால் விதையுங்கள், பின்தங்கினால் அந்தத் துண்டை இந்தப் போகத்துக்கு விட்டுவிடுங்கள்.

பழைய என்ஜின் ஒயில் சிந்தினால் கதை வேறு. அதிலுள்ள உலோகத்தைப் பக்டீரியா தின்னாது, அந்த மண்ணை வழித்து அள்ளி வயலுக்கும் கிணற்றுக்கும் தூரமாக எடுத்து வைக்க வேண்டும்.