நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் முதுகுப்பை ஏன் வேண்டாம்?

நெடும்பயணம் போகிறவர்கள் பலரும் சாமான்களை 'பேனியர்' பைகளில் வைப்பார்கள். சக்கரத்தின் இருபுறமும் கேரியர் கம்பியில் கொக்கி போட்டு மாட்டும் பை அது. முதுகுப்பையே போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சரி. நாள் முழுக்க என்றால் அந்த எடை தோளை அழுத்தும், சீட்டில் உட்காரும் வலியையும் கூட்டும்.

முக்கியமான காரணம் சமநிலை. எடை உயரத்தில் இருந்தால் வண்டி ஒவ்வொரு அசைவுக்கும் தள்ளாடும். சக்கர அச்சுக்குப் பக்கத்தில் தாழ்வாக இருந்தால் ஆட்டம் குறையும். தலையில் குடம் சுமந்து நடப்பதையும் இரண்டு கையிலும் வாளி தூக்கி நடப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதனால் கருவிகள், அடுப்பு போன்ற கனமானவை பையின் அடியில் போகட்டும். இருபக்க எடையும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். மழை அங்கி கைக்கு எட்டும்படி மேலே. பின்சக்கரம் ஏற்கெனவே உங்கள் உடல் எடையில் பெரும்பங்கைத் தாங்குகிறது. எல்லாவற்றையும் அங்கேயே ஏற்றினால் ஆரக்கம்பிகள் உடையலாம். அப்புறம், மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா என்று கிளம்பும் முன்பே ஓட்டிப் பாருங்கள்.

முன்சக்கரத்தில் இரண்டு, பின்சக்கரத்தில் இரண்டு என நான்கு பை இல்லாமல் நெடும்பயணம் முடியாது என்பது தவறான எண்ணம்: கூடாரமும் அடுப்பும் இல்லாமல் விடுதிகளில் தங்கிப் போகிறவர்களுக்குப் பின்பக்கம் இரண்டு பையே பெரும்பாலும் போதும்.