புதிதாக விட்ட கடல் மீன் நான்கு நாளாகக் கல் இடுக்கிலேயே இருக்கிறது, சாப்பிடவும் இல்லை. என்ன செய்யலாம்?

நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இது: மூன்றடி உப்புநீர்த் தொட்டி, உள்ளே ஏற்கெனவே ஒரு ஜோடி க்ளவுன் மீன், டாம்செல் என்கிற சண்டைக்காரச் சின்ன மீன் ஒன்று. புதிதாக வந்தது ஃபயர்ஃபிஷ் என்கிற மெல்லிய, பயந்த சுபாவமுள்ள சின்ன மீன். துணைக்கு இன்னொன்று வாங்கி விடலாமா, இல்லை கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். முதலில் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருவதை நிறுத்துங்கள்.

இதே மீனை நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். முதலாவது சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் வாங்கியது. மூன்று நாள் கண்ணில் படவில்லை என்றதும் பொறுமை போய்விட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன், கையை விட்டுக் கல்லை நகர்த்தினேன். அன்று ராத்திரி மூடிக்குப் பின்னால், ஃபில்டர் குழாய் போகிற இரண்டு விரல் இடைவெளி வழியாக அது குதித்துவிட்டது. காலையில் ஸ்டாண்டுக்குப் பின்னால் கருவாடாகக் கிடந்தது. வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

அப்புறம்தான் அந்த மீனைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் பவளப்பாறை அடிவாரத்தில், மணலும் உடைந்த பவளத் துண்டுகளும் கிடக்கிற இடத்தில் வாழ்வது. தன் பொந்துக்கு மேலே கொஞ்ச உயரத்தில், நீரோட்டத்தைப் பார்த்தபடி ஒரே இடத்தில் மிதந்துகொண்டு, அடித்துவரும் நுண்ணிய மிதவை உயிரினங்களைக் கொத்தித் தின்னும். நிழல் ஆடினால் போதும், பொந்துக்குள் பாய்ந்துவிடும். பொந்து எங்கே இருக்கிறது என்று தெரியாத வரைக்கும் அதற்குச் சாப்பாடு இரண்டாம் பட்சம்தான். உங்கள் மீன் நான்கு நாளாக ஒரே இடுக்கில் இருக்கிறது என்றால், அது வீடு பிடித்துவிட்டது என்று அர்த்தம். மூலையில், தண்ணீர் மட்டத்தில், கண்ணாடியோடு ஒட்டி நின்றிருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

ஆகவே அந்தக் கல்லைத் தொடாதீர்கள். இடுக்கு போதவில்லை என்று தோன்றினால் ஹார்டுவேர் கடையில் அரை இன்ச் பிவிசி எல்போ (வளைந்த குழாய் இணைப்பு) ஒன்று வாங்கிக் கழுவி, வாய் மட்டும் தெரிகிற மாதிரி மணலில் புதைத்துவிடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். மீனுக்கு அந்தக் கவலை இல்லை.

இரண்டாவது மீனும் இப்படித்தான் ஒளிந்தது. ஐந்தாம் நாள் அம்மா சொன்னார்: “நீ ஆபீஸ் போனதும் அது வெளியே வந்து நிக்குதுடா. நீ வந்தாதான் உள்ளே ஓடுது.” நம்பாமல் போனைத் தொட்டிக்கு எதிரே சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டு வெளியே போய்விட்டேன். அம்மா சொன்னது சரிதான். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. அது தலையை நீட்டிய ஒவ்வொரு முறையும் என் டாம்செல் அம்பு மாதிரி வந்து விரட்டியது. நான் எதிரே இருக்கும்போது அந்த டாம்செல் தீனிக்காக என் கையையே பார்த்துக்கொண்டு சாதுவாக நிற்கும்!

உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியதும் அந்த டாம்செல்தான். முதலில் வந்த டாம்செல் தொட்டி முழுவதும் தனக்கென்று நினைக்கும். நீங்களும் ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள். விரட்டுகிறது என்றால் வலை போட்டுத் துரத்தாதீர்கள், மற்ற எல்லா மீனும் மிரண்டுவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, அடியில் கொஞ்சம் தீனி வைத்துத் தொட்டிக்குள் படுக்கப் போடுங்கள். எலிப்பொறி மாதிரிதான். பேராசைக்கார டாம்செல்தான் பெரும்பாலும் முதலில் மாட்டும். கடைக்குத் திருப்பிக் கொடுப்பதென்றால் அதைக் கொடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால், துளை போட்ட அக்ரிலிக் பெட்டிக்குள் டாம்செல்லை ஒரு வாரம் தொட்டியிலேயே அடைத்து வையுங்கள். அதற்குள் புதியவர் ஊரைச் சுற்றிப் பார்த்துவிடுவார். க்ளவுன் ஜோடி இருப்பது நல்லதே. மற்ற மீன் பயமில்லாமல் திரிவதைப் பார்த்தால் இதற்கும் கொஞ்சம் தைரியம் வரும். ஆனால் துணைக்கு இன்னொரு ஃபயர்ஃபிஷ் மட்டும் வேண்டாம். ஜோடி சேர்ந்தவையாக இல்லாவிட்டால் மூன்றடித் தொட்டியில் இரண்டும் அடித்துக்கொள்ளும்.

விளக்கு: முதல் சில நாள் நீல விளக்கு மட்டும் போதும், அதுவும் குறைந்த நேரம். கரண்ட் போய்த் திரும்ப வரும்போது முழு வெளிச்சமும் பட்டென்று எரியும், அந்த அதிர்ச்சியில்தான் பல மீன்கள் குதிக்கின்றன. கால் அங்குலக் கண்ணி வலையால் தொட்டியை முழுக்க மூடுங்கள், குழாய் போகிற மூலையையும் விடாமல். இதை இன்றைக்கே செய்யுங்கள்.

தீனி விஷயத்தில் ஒரு யோசனை. உறைந்த மைசிஸை (இறால் போன்ற குட்டி உயிர்) எடுத்துக் கொட்டினால் க்ளவுன்கள் முடித்துவிடும். முதலில் அவற்றுக்கு ஒரு பக்கம் போட்டு வயிற்றை நிரப்புங்கள். பிறகு ஒரு சிரிஞ்சில் மெல்லிய ஏர் டியூபை மாட்டி, பொந்துக்குக் கொஞ்சம் தள்ளி, நீரோட்டம் அந்தப் பக்கம் போகிற மாதிரி சொட்டுச் சொட்டாக விடுங்கள். பொந்துக்குள்ளேயே பீய்ச்சக் கூடாது. எனக்குக் கைகொடுத்தது ஆர்ட்டீமியா என்கிற உயிருள்ள உப்புநீர்ப் பொடி இறால்தான். முட்டையை உப்புநீரில் போட்டு ஏர் கொடுத்தால், சென்னை வெயிலுக்கு ஒரு நாளில் பொரிந்துவிடும். கண்ணெதிரே நெளிகிற இரையை விட்டுவைக்க அதற்கு மனம் வராது. ஒன்பதாம் நாள் பாதி உடம்பை வெளியே நீட்டி ஒன்றைக் கொத்தியது. பிறகு மைசிஸுக்கு மாற்ற ஒரு வாரம் ஆனது. நல்ல உடம்புள்ள மீன் நான்கைந்து நாள் சாப்பிடாமல் இருப்பதில் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் வயிறு உள்வாங்கிக் கத்தி மாதிரி தெரிந்தால் ஆர்ட்டீமியாவைத் தள்ளிப்போடாதீர்கள்.

தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்தான் இருக்க வேண்டும். உப்பின் அடர்த்தியையும் பாருங்கள். பல கடைகளில் ஒட்டுண்ணித் தொல்லைக்காக 1.018, 1.020 என்று குறைத்து வைத்திருப்பார்கள். நம் வீட்டுத் தொட்டி 1.025. பை தண்ணீரை அளக்காமல் அரை மணியில் மீனை மாற்றியிருந்தால் அந்தச் சோர்வும் சேர்ந்திருக்கும், சில நாளில் தெளியும்.

வெட்கத்துக்கும் நோய்க்கும் வித்தியாசம் மூச்சில் தெரியும். செவுள் மூடி படபடவென்று அடித்தாலோ, உடம்பில் உப்புத்தூள் போலப் புள்ளியோ மாவு தூவின மாதிரிப் படலமோ இருந்தாலோ காத்திருக்காதீர்கள். தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து கொடுக்க வேண்டும். பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் தாமிர மருந்தை ஊற்றினால் அவை செத்துப்போகும்.

மூச்சு சீராக இருந்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். டாம்செல் வீடியோவை மட்டும் இன்றே எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள்.