விருப்ப ஓய்வுப் படிவம் கொஞ்சம் காத்திருக்கட்டும், டீச்சர்

கேள்வி: பட்டர்வொர்த் பக்கம் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான், இரண்டாம் ஆண்டு வகுப்பு. ஞாயிறு மாலையானாலே வயிற்றைக் கலக்குகிறது. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இரவு பதினொரு மணிக்கும் கேள்வி வருகிறது. விருப்ப ஓய்வு எடுத்துவிடலாமா? மருத்துவரைப் பார்த்தால் பள்ளிக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: கடந்த பள்ளி விடுமுறையில் எப்படி இருந்தீர்கள்? நான்கைந்து நாளில் தூக்கமும் சிரிப்பும் திரும்பியிருந்தால், பெரும்பாலும் இது வேலைச் சோர்வு. உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் இதை நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகவே வகைப்படுத்தியது. விடுமுறையிலும் மனம் வெறுமையாக, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் கிடந்திருந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அந்த நோயின் நடுவே வேலையை விடும் முடிவை எடுக்கக்கூடாது. ஓய்வு பெற்றாலும் நோய் வீட்டுக்குக் கூடவே வரும்.

எனவே முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். டாஸ் எனும் மனநல வினாத்தாளோ அதுபோன்ற வேறொன்றோ தரலாம். டாஸில் கடந்த ஒரு வார நிலையைப் பற்றி 21 வாக்கியங்கள். மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் மூன்றையும் தனித்தனியே காட்டும். அது முதல்கட்டச் சோதனைதான், மதிப்பெண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இரத்தச்சோகை, தைராய்டு கோளாறு இருந்தாலும் இதே களைப்பு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். நீங்கள் சொல்வதை இரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டுமே விதிவிலக்கு உண்டு. அந்தச் சந்தேகத்தையும் அவரிடமே நேராகக் கேட்டுவிடலாம்.

இனி பள்ளி. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021இல் ஒழிந்ததும் ஆசிரியர் பாடு குறையும் என்று பலர் நினைத்தார்கள். வகுப்பறை மதிப்பீட்டுப் பதிவுகள் உங்கள் தலையில்தானே வந்து உட்கார்ந்தன? போதாக்குறைக்கு, சிறிய தமிழ்ப்பள்ளியில் விளையாட்டு, பாடநூல், புறப்பாடம் எல்லாவற்றையும் இருக்கும் சிலரே பங்கிட வேண்டும். தலைமையாசிரியரிடம் “ரொம்ப ஸ்ட்ரெஸ்” என்று மட்டும் சொன்னால் ஆறுதல்தான் கிடைக்கும். பொறுப்புகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் வாரத்தில் எவ்வளவு நேரம் தின்கிறது என்று குறித்து, “இதில் எந்த இரண்டை வேறொருவருக்கு மாற்றலாம்?” என்று கேளுங்கள். கேட்பது வெட்கமில்லை.

புலனக் குழுவை நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றிவிடலாம். அந்த அறிவிப்பு பள்ளியின் பெயரில் வரட்டும்; பெற்றோரின் கோபத்தை நீங்கள் தனியாக ஏன் சுமக்கவேண்டும்? பிள்ளைக்குக் காய்ச்சல், விபத்து என்றால் பள்ளி அலுவலக எண் இருக்கிறது. மற்றதெல்லாம் காலை வரை பொறுக்கும்.

உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணையோ, எந்நேரமும் எடுக்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் தன்னார்வ அமைப்பின் 03-76272929 எண்ணையோ அழையுங்கள். பினாங்கிலிருந்தும் அழைக்கலாம்.

சிகிச்சையும் வேலைக்குறைப்பும் நடந்து, அடுத்த விடுமுறையும் கழிந்த பிறகும் ஓய்வு பெறவேண்டும் என்றே தோன்றினால், அப்போது ஓய்வூதியக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தாராளமாக விண்ணப்பியுங்கள்.