மசாலா முட்டை சாலட் சாண்ட்விச்: மதியம் வரை பிரெட் நனையாமல் இருக்க என்ன வழி?

காலையில் செய்து வைத்தால் மதியம் பிரெட் நொதநொதவென்று ஆகிவிடுகிறது, மிளகாய்த்தூள் பச்சை வாசம் அடிக்கிறது என்று நாகர்கோவிலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பிரெட்டை நனைப்பது பெரும்பாலும் வெங்காயமும் தயிரும் விடும் தண்ணீர். அதை முதலிலேயே எடுத்துவிட வேண்டும்.

மூன்று சாண்ட்விச்சுக்கு நாலு முட்டை போதும். அன்றைக்கு இட்ட நாட்டுக்கோழி முட்டை வேண்டாம், தோடு உரியாமல் வெள்ளையைப் பிய்த்துக்கொண்டு வரும். நாலைந்து நாள் ஆனது நல்லது. கொதிக்கிற தண்ணீரில் மெதுவாக இறக்கி 10 நிமிடம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததென்றால் 11. உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றுங்கள். அதிகம் வெந்தால் வெள்ளையிலுள்ள கந்தகமும் கருவிலுள்ள இரும்பும் சேர்ந்து பச்சை வளையம் கட்டும், வாடையும் வரும்.

அரை கப் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜுக்குள் இரண்டு மணி நேரம் வடியவிடுங்கள். அதில் மூன்று மேசைக்கரண்டி எடுத்தால் போதும். மயோனைஸ்தான் பிடிக்குமென்றால் முட்டை சேராத பாக்கெட் வாங்குங்கள். பச்சை முட்டை மயோனைஸ் கிருமிக்குத் தோதான பண்டம், 2025 ஏப்ரல் 8 முதல் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்கு அதைத் தடை செய்ததும் அதனால்தான். ஐந்து சின்ன உள்ளியை (சின்ன வெங்காயம்) பொடியாக நறுக்கி, ஒரு சிட்டிகை உப்புப் பிசறிப் பத்து நிமிடம் கழித்து இறுகப் பிழியுங்கள். உள்ளங்கையில் வழிகிற அந்தத் தண்ணீர்தான் பிரெட்டில் இறங்கியிருக்கும்.

இது ஆறிய பண்டம், சேர்த்த பிறகு மசாலா வேக வழியில்லை. அதனால் எண்ணெயில்தான் பச்சை வாசம் போக வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் சூடானதும் ஒரு ஆர்க்குக் கறிவேப்பிலையைப் பொடியாக நறுக்கிப் போட்டு அடுப்பை அணையுங்கள். பிறகு கால் தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை மஞ்சள். பத்து எண்ணும் நேரம் கிளறினால் போதும். தீ எரியும்போதே தூளைப் போட்டால் கருகிக் கசக்கும். நன்றாக ஆறிய பிறகே தயிரில் ஊற்றுங்கள், சுடச்சுட ஊற்றினால் தயிர் திரியும்.

நம்மூரில் கை தேங்காய் எண்ணெய்க்குத்தான் போகும். உடனே சாப்பிடுவதற்கு அதுவே ருசி. ஃபிரிட்ஜில் வைப்பதாக இருந்தால் நல்லெண்ணெய் எடுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாக்கில் மெழுகுத் துணுக்குபோல் தட்டும்.

கருவை மட்டும் தயிரோடு மசித்து, தாளிப்பு, அப்போதே இடித்த நல்லமிளகு அரை தேக்கரண்டி, நறுக்கிய பச்சைமிளகாய் ஒன்று, உள்ளி, மல்லியிலை, உப்பு சேருங்கள். வெள்ளையைச் சுண்டைக்காய் அளவு துண்டாக்கிக் கடைசியில் பிரட்டுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மசித்தால் விழுதாகிவிடும். குளிர்ந்தால் உப்பு மட்டாகத் தெரியும், ஆகவே ஒரு துளி தூக்கலாகவே இருக்கட்டும்.

பிரெட்டின் உள்பக்கத்தை மட்டும் தோசைக்கல்லில் வாட்டி, ஆறவிட்டு, ஓரம் வரை வெண்ணெய் தடவுங்கள். ஈரம் இறங்காமல் வெண்ணெய் தடுக்கும். சூட்டோடு டப்பாவில் மூடினால் ஆவி இறங்கி மறுபடி நனையும்.

ஆபீசுக்கு என்றால் கலவையைத் தனிச் சம்படத்தில் கொண்டுபோய், சாப்பிடும் நேரத்தில் வையுங்கள். ஐஸ் பேக் இல்லாமல் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், மீன மாத (பங்குனி) வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். ஃபிரிட்ஜில் மறுநாள் வரை வைக்கலாம், ஆனால் உள்ளியைச் சாப்பிடும் முன்புதான் சேர்க்க வேண்டும்.