தலைவர் கேட்டால் எழுதித் தரலாமா?

கேள்வி: அக்கா, நான் வரலாறு படித்தவன். எங்கள் கட்சிக் கிளைத் தலைவருக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுக்கிறேன். "கெடாவைச் சோழர்கள் 300 வருஷம் ஆண்டாங்கன்னு எழுது தம்பி" என்கிறார். ஆதாரம் கிடையாது என்றால், "நம்ம இனத்துக்காகத்தானே?" என்கிறார். எழுதவா, வேண்டாமா?
- பெயர் வேண்டாம், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: எழுதாதீர்கள், தம்பி.

1025-இல் முதலாம் இராஜேந்திர சோழன் கடாரத்தின்மேல், அதாவது இன்றைய கெடாவின்மேல், படையெடுத்தது உண்மை. 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று அவன் வெற்றிகளைப் புகழும் கல்வெட்டுப் பாட்டான மெய்க்கீர்த்தியே பாடுகிறது. கடாரத்து அரசனைப் பிடித்ததையும் அவன் செல்வத்தை அள்ளி வந்ததையும் சொல்கிறது. இங்கே உட்கார்ந்து ஆண்டதாகச் சொல்லவில்லை. ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து வந்த வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டைப் பாருங்கள்: கடாரத்தை வென்று, தன்னைப் பணிந்து வந்த அரசனுக்கே கொடுத்துவிட்டானாம். தன் வெற்றியைக் கொஞ்சமும் குறைத்துப் பேசாத சோழனே சொல்லாத 300 வருஷத்துக்கு நாம் எங்கே போவது?

'இனத்துக்காக' என்றதுதான் எனக்கு வலிக்கிறது. நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா விடியுமுன்னே பால் வெட்டப் போவார். பால் பிடிக்கும் மங்கைத் துடைத்துத் துடைத்து விரல் இடுக்கில் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். எண்ணெய் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. இந்த நாட்டில் நமக்குள்ள உரிமை அந்த விரல்கள் சம்பாதித்தது. ஆட்சி செய்தவனுக்குத்தான் மண் சொந்தம் என்று நாமே மேடையில் பேசிவிட்டால், நாளை வேறொருவர் அதே வாதத்தை நம் பக்கம் திருப்பும்போது என்ன சொல்வோம்? அப்புறம், கூட்டத்தில் கைதட்டிய ஒரு பிள்ளை அதைப் பள்ளியில் போய்ச் சொல்லும். "எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?" என்று ஆசிரியர் கேட்டால் தலைகுனிந்து நிற்கும். அதற்குப் பிறகு உங்கள் தலைவர் உண்மையே பேசினாலும் அந்தப் பிள்ளை நம்பாது.

சரி, வெறுங்கையோடு அவரிடம் போகாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில், மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டி என்ற பழைய கோவிலுக்குப் போய் வாருங்கள். மரத்தூண்களைத் தாங்கிய கல் அடிகள் இன்னும் வரிசையாக இருக்கின்றன. கடல் தாண்டி வந்த வணிகர்களும் அவர்கள் கொண்டுவந்த வழிபாடும் இந்த மண்ணோடு கலந்த இடம் அது. அதைப் பற்றி எழுதுங்கள். கோபமாகப் பேச ஏதாவது வேண்டும் என்றால், 2013-இல் அதே பூஜாங் பள்ளத்தாக்கில் வீடமைப்புத் திட்டத்துக்காக ஒரு பழைய சண்டியை இடித்துத் தள்ளினார்களே, அதைப் பேசட்டும். அந்தக் கோபத்துக்கு ஆதாரம் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு 300 வருஷம்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், அந்த ஒரு வரியை அவரே தன் கையால் எழுதிக்கொள்ளட்டும்.